விற்பது வேறு, விடுவது வேறு

2004ல் ஒரு துப்பாக்கியை விற்றேன். 2016ல் அதே துப்பாக்கியைத் திரும்ப வாங்கினேன். விற்றபோது வந்தது 11,000 ரூபாய். வாங்கும்போது போனது 30,000 ரூபாய். 30 வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான், கணக்கு தெரியும். 19,000 நஷ்டம். அத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. வித்தது தப்பா, திரும்ப வாங்கினது தப்பா, ரெண்டுமே தப்பா என்கிற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. எங்கள் தெருவில் சிலபேர் முதலாவதுக்காகத் திட்டினார்கள். என் மகள் இரண்டாவதுக்காகத் திட்டினாள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கி எங்கப்பாவுடையது. பென்னாகரம் பக்கம் ஒரு சேரியில் பிறந்து, 1957ல் பெங்களூர் போய் மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது இவைதான் அந்தப் படையின் வேலை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம்ம சனங்கள் போய்ச் சேர்ந்த படை அது. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்துப் பழகின கை என்று சேர்த்தான். அந்தக் கையில் துப்பாக்கியும் கொடுக்க வேண்டி வந்தது. அப்பா 1975ல் பென்ஷனோடு ஊர் திரும்பினார். 1979ல் லைசென்ஸ் எடுத்து ஒரு ஒத்தக்குழல் துப்பாக்கி வாங்கினார், பன்னிரண்டு போர். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் வைத்திருக்கிற பட்டாளத்து ஆளைப் பேங்க் காவலுக்கு எடுத்துக்கொள்வார்கள். தர்மபுரி டவுனில் ஒரு பேங்க் வாசலில் 13 வருஷம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். தம்பியைப் படிக்க வைத்ததும் தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்ததும் அந்த ஒத்தக்குழல்தான். 13 வருஷத்தில் ஒரு தடவைகூட அது வெடிக்கவில்லை.

எங்கள் ஊரில் அப்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது. சேரி ஆட்கள் ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகணும். அப்பா இறங்கமாட்டார். அதற்காக அவர் யாரிடமும் சண்டை போட்டதில்லை, மேடை போட்டுப் பேசினதில்லை. தோளில் துப்பாக்கியோடு மிதித்துக்கொண்டு போவார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த என் தம்பியும் இறங்கவில்லை. கொஞ்ச நாளில் தம்பி தனியாகப் போனபோதும் இறங்கவில்லை. அதைப் பார்த்து மற்றப் பையன்கள். ஒரு கட்டுப்பாடு எங்கள் ஊரில் இப்படித்தான் செத்தது. சத்தமே இல்லை.

இதைக் கேட்டதும் துப்பாக்கிதான் விடுதலை தந்தது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அதே துப்பாக்கியால் அம்மா பட்ட பாடும் எனக்குத் தெரியும். 1980ல் நம் மாவட்டத்தில் நக்சல்பாரி வேட்டை நடந்தது. நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் இரட்டைக் குவளையையும் கந்துவட்டியையும் எதிர்த்து நின்ற இயக்கத்தின் பாலன், போலீசில் சிக்கி அடிபட்டு அந்த வருஷம் இறந்தார். அந்தச் சமயத்தில் அப்பாவைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள். பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் வாங்குகிறவர், லைசென்ஸ் வைத்திருக்கிறவர். ஆனாலும் சேரிக்காரர். ஊருக்குள் பழைய மணியக்காரர் வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாசம் தினமும் ராத்திரி அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். "உங்கப்பன் கொண்டாந்தது துப்பாக்கி இல்லடா, போலீசுக்கு வழி" என்பாள்.

அப்பா 1997ல் இறந்தார். வாரிசு என்கிற முறையில் 1998ல் லைசென்ஸ் என் பேருக்கு வந்தது. எனக்கு அதில் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழலைத் துடைத்து எண்ணெய் போடுவேன், அப்பா செய்ததால். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்து ரசீது வாங்குவேன், சட்டம் சொன்னதால். 2004ல் மகளுக்கு நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்டணும். சம்பளத்தில் ஏற்கெனவே கடன் பிடித்தம் போய்க்கொண்டிருந்தது. வித்துடலாம்னு சொன்னதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அது போனாத்தான் நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்றாள்.

ஆயுதச் சட்டம் 1959ல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள இன்னொருத்தருக்கு விற்கலாம். ஆனால் விற்கப்போவதை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். அரசாங்கம் விசாரிப்பதற்காக வைத்த நாட்கள் அவை. ஆனால் விற்கிறவன் யோசிப்பதற்கும் அதே 45 நாள் இருக்கிறது. நான் யோசிக்கவில்லை. காலேஜில் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாங்கினது யார் தெரியுமா? அந்த மணியக்காரர் வீடுதான். 1980ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தது. பதவி போனது, வீட்டுக்குப் பேர் போகவில்லை. வெளியூர்க்காரர் ஒருத்தர் 9,000க்குக் கேட்டார். மணியக்காரர் 11,000 தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். அந்த 2,000 ரூபாய் எதற்கு என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். குழலைப் பார்க்கவில்லை. கட்டையில் அப்பா தன் பட்டாளத்து நம்பரை ஆணியால் கீறி வைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "உங்கப்பன் இத வெச்சிக்கிட்டு ரொம்ப ஆடினாண்டா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் திண்ணையில் சாத்தி வைத்திருந்தார்கள், தெருவில் போகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி. மாரியம்மன் பண்டிகையில் அவர் வீட்டுப் பையன்கள் மேலே பார்த்து வெடித்தார்கள். எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு வெடித்தார்கள். சைக்கிள் போய் பைக் வந்துவிட்ட காலம். எங்கள் பையன் ஒருத்தன் ஊர்த் தெருவில் வேகமாகப் போனான் என்று நிறுத்தினார்கள். அடிக்கவில்லை. "வீட்டுல ஒரு துப்பாக்கி இருக்குது தெரியுமா? உங்காளு வித்ததுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள். பையன் வந்து என்னிடம்தான் கேட்டான்: "ஏம் பெரியப்பா, அது நம்மளுதா?"

முதலில் எனக்கு வந்தது மானக்கேடு. அப்பாவின் பொருள் அடுத்தவன் கையில் நாறுகிறதே என்கிற வருத்தம். அது சொந்த வருத்தம். நகையை அடகு வைத்து மீட்க முடியாமல் போனவனுக்கும் அது வரும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வேறொரு வருத்தம் எனக்கு 2012ல்தான் வந்தது.

2012 நவம்பர் 7. நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் மூன்று குடியிருப்புகளிலும் தீ வைத்தார்கள். ஒரு தலித் பையனும் ஆதிக்க சாதிப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டதற்காக 200க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிந்தன. நான் ஓடின ரூட் அது. அந்த நிறுத்தத்தில் ஏறி இறங்கினவர்கள் முகம் எனக்குத் தெரியும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினதால் உயிர் பிழைத்தார்கள். மறுநாளிலிருந்து நம் மாவட்டத்தில் எந்தச் சேரியும் சரியாகத் தூங்கவில்லை. எங்கள் தெருவில் ஆம்பிளைகள் முறை வைத்துக் காவல் இருந்தோம். மூன்றாவது ராத்திரி, தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு, ஒருவேளை வந்தால் அவங்ககிட்ட என்னென்ன இருக்கும் என்று பேச்சு வந்தது. கத்தி, கடப்பாரை, பெட்ரோல் என்று ஒவ்வொருத்தராக எண்ணினார்கள். "மணியக்காரன் வீட்டுல ரெண்டு துப்பாக்கி" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன், என் அக்கா மகன், சாதாரணமாகத்தான் சொன்னான்: "அதுல ஒண்ணு நம்ம மாமா வித்தது."

யாரும் என்னைத் திட்டவில்லை. தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை. அந்தத் துப்பாக்கியால் யாரும் சாகவில்லை. ஆனால் எங்கள் சனம் பயந்து எண்ணின எண்ணிக்கையில் ஒன்று நான் கூட்டினது. நான் சட்டப்படிதானே விற்றேன்? மாடு விற்றவன் பால் எங்கே போகுது என்று பார்க்கணுமா? கட்டில் விற்றவன் அதில் யார் படுக்கிறான் என்று கேட்கணுமா? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். மாட்டுக்கும் கட்டிலுக்கும் அது செல்லும். துப்பாக்கிக்குச் செல்லாது. ஏனென்றால் துப்பாக்கியின் வேலை வெடிப்பதில் இல்லை. அப்பா 13 வருஷம் வெடிக்காமலே அதை வேலை வாங்கினார். மணியக்காரர் வீடும் நம்மை நோக்கி வெடிக்காமலே வேலை வாங்கினது. யார் வைத்திருக்கிறான் என்பதுதான் அதன் வேலையே. அப்படியானால் நான் விற்றது இரும்பையும் கட்டையையும் இல்லை. யார் யாருக்குப் பயப்படணும் என்கிற ஏற்பாட்டை விற்றிருக்கிறேன். அது என் ஒருத்தனுடைய சொத்து இல்லை.

இதோடு இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நான் விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நத்தத்தில் ஒரு வீட்டில் ஒரு ஒத்தக்குழல் இருந்திருந்தால் 200 வீடு பிழைத்திருக்குமா? இல்லை. ஒரு தோட்டா போட்டு ஒரு தடவை வெடிக்கலாம். மறுபடி போடுவதற்குள் கூட்டம் மேலே வந்துவிடும். ஒருத்தன் செத்திருந்தால் மறுநாள் பேப்பரில் தீ வைத்த செய்தி இருக்காது, சேரிக்காரன் சுட்டான் என்பதுதான் இருக்கும். வழக்கு நம்மேல், பிறகு அடுத்த சேரிக்குத் தீ. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது, குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வந்தவர்கள் சீருடையோடு வந்தார்கள். 18 பெண்களை வன்புணர்ச்சி செய்த அந்தக் கொடுமைக்கு 2011ல் தர்மபுரி கோர்ட் தண்டனை கொடுத்தது, 2023ல்தான் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. அந்த மலையாளிப் பழங்குடிச் சனங்கள் கோர்ட்டில் சாட்சி சொல்லி ஜெயித்தார்கள், துப்பாக்கியால் இல்லை. ஆக, துப்பாக்கி நம்மைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

அப்புறம் ஏன் திரும்ப வாங்கினாய்?

அம்பேத்கர் 1936ல் எழுதின 'சாதி ஒழிப்பு' நூலில் ஒரு கேள்வி கேட்கிறார். இத்தனை கொடுமைக்கும் இந்த நாட்டு அடித்தட்டு சனங்கள் ஏன் புரட்சி செய்யவில்லை? நால்வருணம் அவர்கள் கையிலிருந்து ஆயுதத்தையும் படிப்பையும் பறித்து வைத்ததுதான் காரணம் என்கிறார். இதை எங்களுக்கு மட்டும் நடந்த கதையாகப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 1865ல் அடிமை முறை ஒழிந்த கையோடு மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: விடுதலையான கறுப்பன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. விலங்கை அவிழ்த்த கை முதலில் தேடினது அவனிடம் ஆயுதம் இருக்கிறதா என்றுதான்.

நம் சட்டமும் இதை யோசித்திருக்கிறது, பலபேருக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் வருஷ விதிகளில் மூன்றாவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில் மாநில அரசு என்ன செய்யணும் என்று வரிசையாகச் சொல்கிறது. தேவை என்று கருதினால் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்கணும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யணும். அதற்குப் பிறகுதான், தேவை என்று கருதினால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவனிடமிருந்து எடு. நமக்குக் கொடுப்பது கடைசி. இதை எழுதினவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. ரெண்டு பக்கமும் துப்பாக்கி இருப்பது பாதுகாப்பு இல்லை, எந்தப் பக்கமும் இல்லாததுதான் பாதுகாப்பு. எங்கள் ஊரில் அந்த முதல் வேலையை யாரும் செய்யவில்லை. மணியக்காரர் வீட்டிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்றால் நான்தான் காசு கொடுத்து எடுக்க வேண்டியிருந்தது.

2013ல் புது லைசென்சுக்கு மனு போட்டேன். தெரிந்த குமாஸ்தா ஒருத்தர், "பயிர்ப் பாதுகாப்புன்னு போடுங்கண்ணா, கேள்வி வராது" என்றார். எனக்கு அரை ஏக்கர் நிலக்கடலை, காட்டுப்பன்றித் தொல்லை நிஜம்தான். ஆனால் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்குச் சொல்லியிருப்பது வாய்ப்பக்கம் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. நம்முடைய மாதிரிக்குப் பொதுவாகத் தற்காப்பு அல்லது வேட்டை விளையாட்டு என்று காரணம் இருக்கிறது. தற்காப்பு என்று எழுதினேன். மூன்று மேசையிலும் ஒரே கேள்வி.

"உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி?"

"தற்காப்புக்குங்க."

"யார்கிட்ட இருந்து?"

இதற்கு நான் உண்மையைச் சொன்னால் சாதிக் கலவரம் தூண்டுகிறவன். பொய் சொன்னால் காரணம் போதாதவன். "தனியா தோட்டத்துல இருக்கறங்க, திருட்டு பயம்" என்று சொல்லித் தப்பித்தேன். மூன்று வருஷம் அலைந்தேன். மணியக்காரரிடம் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா? அவருக்கு எதுக்கு என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. அவன் வைத்திருப்பது வழக்கம், நான் வைத்திருப்பது கேள்வி. இந்த ஒரு வித்தியாசத்துக்குள் சாதி முழுசும் இருக்கிறது.

அந்த மூன்று வருஷத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி ஒரு விவரம் படித்தேன். அகிம்சைக்கு உதாரணமாக நமக்குக் காட்டப்படுகிறவர். 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வீசினார்கள், மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள மனு போட்டார். மறுத்துவிட்டார்கள். வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன, ஆட்கள் காவல் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் யோசித்து, இது வேண்டாம் என்று அவராகவே வீட்டை விட்டு அகற்றினார். 1968ல் சுட்டுக் கொன்றார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் அவருடைய அகிம்சை அவர் தேர்ந்தெடுத்தது. கையில் இருந்ததைக் கீழே வைத்தவன் அகிம்சை பேசலாம். கையே இல்லாதவனைப் பார்த்து நீ அடிக்காமல் இருக்கிறாய், நல்லவன் என்று சொல்வது புகழ்ச்சி இல்லை, கேலி. நம் சனத்தின் பொறுமையை ரொம்ப காலமாக அப்படித்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. 2004ல் நான் துப்பாக்கியை விடவில்லை. விற்றேன். விடுகிறவன், இது யாருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்கிறான். விற்கிறவன், எனக்கு வேண்டாம் என்பதை மட்டும் முடிவு செய்கிறான். பிறகு அது எங்கே போகணும் என்பதை அதிக விலை கொடுக்கிறவன் முடிவு செய்கிறான். நம் ஊரில் அதிக விலை கொடுக்கக்கூடியவன் யார் என்று சொல்ல வேண்டுமா?

நம் பறையை யோசித்துப் பாருங்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஒரு தலைமுறை பறையைக் கிழித்துப் போட்டது, நெருப்பில் போட்டது. அது விடுதல். அடுத்த தலைமுறை கலை விழா மேடையில் ஏறி, இது எங்கள் இசை என்று மறுபடி தோளில் மாட்டினது. அது எடுத்தல். ரெண்டையும் பற்றி நமக்குள் சண்டை உண்டு. ஆனால் ரெண்டிலும் முடிவு நம்முடையது. நடுவில் அதை யாருக்கும் விற்கவில்லை. நான் செய்தது அந்த ரெண்டிலும் சேராது.

மணியக்காரர் 2015ல் இறந்தார். மகன்கள் ரெண்டு பேரும் ஓசூரில் இருக்கிறார்கள். பெரியவன் ஒரு துப்பாக்கியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். மற்றது டீலர் கடையில் கிடந்தது. எனக்கு லைசென்ஸ் வந்ததும் போய்க் கேட்டேன். பெரியவன் என்னை "வாங்க" என்றுதான் கூப்பிட்டான், அவங்கப்பன் மாதிரி இல்லை. 30,000 சொன்னான். புதுசே வாங்கலாமே என்று அவனே கேட்டான். இல்லீங்க, அதுதான் வேணும் என்றேன். அவனுக்குப் புரிந்தது. விலையைக் குறைக்கவில்லை. ரிட்டையர்மென்ட் பணத்தில் மிச்சம் இருந்ததில் கொடுத்தேன். திரும்ப வந்தபோது கட்டையை இழைத்துப் புதுசாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அப்பாவின் நம்பர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

அம்மாவுக்கு அப்போது 78 வயசு. கண் மங்கிவிட்டது. துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினேன். தடவிப் பார்த்தாள். சந்தோஷப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. "இப்ப அவங்க வீட்டுல ஒண்ணுதான் இருக்குது, இல்ல?" என்றாள். அம்மாவும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். துப்பாக்கி விற்ற காசில் படித்தவள். அவள் கேட்டது இது: "அப்பா, நான் படிச்சதுக்கும் சேர்த்துத்தான் வருத்தப்படறீங்களா?" இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இல்லை. அவள் படிப்பு நல்ல காரியம். கெட்ட விற்பனையிலிருந்து நல்ல காரியம் வரலாம், அதனால் விற்பனை நல்லதாகிவிடாது. வந்த நல்லதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. 9,000 கொடுக்கிறேன் என்றவருக்குக் கொடுத்துவிட்டு 2,000 கடன் வாங்கியிருந்தாலும் அவள் படித்திருப்பாள். என் தப்பின் அளவு சரியாக அந்த 2,000 ரூபாய். அதை அவளிடம் சொன்னேன். அவள் விடவில்லை. "சரி, வாங்கிட்டீங்க. உங்களுக்கு அப்புறம்? என் பேருக்கு மாத்திடாதீங்க. வீட்டுல சின்னப் பசங்க இருக்குது" என்றாள்.

அவள் சொல்வதும் சரி. வீட்டில் துப்பாக்கி இருந்தால் முதல் ஆபத்து வீட்டுக்காரனுக்கே. குடியும் கோபமும் கடனும் எல்லாத் தெருவிலும் இருக்கிறது, நம் தெருவிலும் இருக்கிறது. அதனால் வீட்டில் தோட்டா வைத்திருக்கவில்லை. துப்பாக்கி பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனுக்குப் போய் வருகிறது. 2024 தேர்தலுக்கு வைக்கப் போனபோது அங்கே சுவரோரம் வரிசையாக, கழுத்தில் சீட்டுக் கட்டிச் சாத்தியிருந்தார்கள். மணியக்காரர் மகனுடையது என்னுடையதுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த ரெண்டு மாசம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் துப்பாக்கி இல்லை. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தேர்தலுக்கு முடிகிறது என்றால் மற்ற நாளுக்கு ஏன் முடியாது?

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இதை யாருக்கும் விற்கக் கூடாது. வாரிசு பேருக்கும் மாற்ற வேண்டாம். ஸ்டேஷனில் ஒப்படைத்து, அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கே ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் இன்னும் ஒன்று இருக்கிறது, அது போகட்டும் பிறகு பார்க்கலாம் என்று மனசு சொல்கிறது. அப்படிச் சொன்னால் என் முடிவு மறுபடி அவன் கையில்தான் இருக்கிறது என்றும் அதே மனசு சொல்கிறது. இந்த இடத்தில் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். 68 வயசாகிறது, ரொம்ப நாள் நிற்க முடியாது.

ஒன்று மட்டும் தெளிவு. திரும்ப வாங்கினதால் அப்பாவின் மானம் மீண்டது என்று நான் சொல்லமாட்டேன். அவர் மானம் துப்பாக்கியில் இல்லை, இறங்காத சைக்கிளில் இருந்தது. என் கூட்டத்துக்கு நான் வைத்த கடனைத் திருப்பினேன், அவ்வளவுதான். விடுவதற்கு முதலில் அது என்னுடையதாக இருக்க வேண்டும். இப்போது என்னுடையதாக இருக்கிறது.

நம்மில் பலபேர் நிலத்தை விற்றிருக்கிறோம், ஓட்டை விற்றிருக்கிறோம், சாட்சியை விற்றிருக்கிறோம், தேவைக்குத்தான். விற்றபோதெல்லாம் எனக்கு வேண்டாம், விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டோம். யாருக்குப் போனது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.